பகடைக்கு முன் சொல்லவேண்டியது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் நால்வருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். நான் கதையை நடத்த, அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஒருவனுக்கு விதிப்புத்தகம் மனப்பாடம். நான் வாய் திறந்தாலே பக்கத்தைப் புரட்டுகிறான். போனவாரம் இன்னொருத்தி, படிக்கட்டில் மேலேறி வரும் கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள்மீது எண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்துப் பந்தத்தை எறிவேன் என்றாள். மூன்று முறை பகடை உருட்டச் சொன்னேன். மூன்றாவதில் தோற்றாள். இதற்கு விதியே வேறு என்று அவன் ஆரம்பிக்க, சண்டையாகி ஆட்டம் நின்றுவிட்டது. இனி புத்தகத்தை மூடிவிட்டு மனதுக்குப் பட்டபடி நடத்தலாமா? பகடையை மறைக்கத் திரை வைக்கலாமா? எளிய விதிகள் உள்ள வேறு விளையாட்டுக்கு மாறிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

நான்கு பேரை ஒரே மேசையில் வாராவாரம் உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதைச் செய்கிறவருக்கு ஒரு சண்டையால் மனம் விட்டுப்போகக்கூடாது.

ஆனால் ‘மனதுக்குப் பட்டபடி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடமுடியாது. இந்த விவாதம் நம் விளையாட்டைவிட மிகப் பழையது. 1824இல் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்விளையாட்டில் பகடையும் சேத அட்டவணைகளும் உண்டு. அவற்றோடு மல்லாடி அலுத்துப்போய், 1876இல் பிரஷ்யத் தளபதி வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளைத் தூக்கிப்போட்டார். நடுவர் சொல்வதே முடிவு என்றார். அந்த நடுவர் யார்? படை எவ்வளவு வேகத்தில் நடக்கும், எங்கே சிதறும் என்று அறிந்த ராணுவ அதிகாரி. அட்டவணை அவர் மண்டைக்குள் இருந்தது. உங்கள் மண்டைக்குள் என்ன இருக்கிறது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பீப்பாயையே எடுத்துக்கொள்வோம். ஒரு குப்பி எண்ணெயைச் சமதரையில் ஊற்றினால் ஐந்தடிக்கு ஐந்தடி கட்டம் ஒன்று நனையும். தீ வைத்தால் 2 சுற்று எரியும். அதற்குள் நுழைபவருக்கோ, தன் முறையை அதற்குள் முடிப்பவருக்கோ 5 சேதம், அதாவது உயிர்ப்புள்ளியில் 5 குறையும், ஒரு முறைக்கு ஒருதடவைதான். இது பொருள்களின் பட்டியலிலேயே இருக்கிறது. பீப்பாய்க்கும் படிக்கட்டுக்கும் விதி இல்லை. அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. படிக்கட்டு பத்தடி அகலம், எண்ணெய் இருபதடி ஓடும் என்று வைத்தால் எட்டுக் கட்டம். அதிக எண்ணெய் என்பதால் 4 சுற்று எரியட்டும். சேதம் அதே 5. அது போதாது என்று பட்டால், நடத்துபவருக்கான கையேட்டில் திடீர்ச் சேதங்களுக்கென்றே ஓர் அட்டவணை உண்டு: தீக்குழியில் தடுக்கி விழுந்தால் பத்துமுகப் பகடை இரண்டை உருட்டி வரும் கூட்டுத்தொகை. இட்டுக்கட்டுவதற்கே புத்தகம் அளவுகோல் தந்திருக்கிறது. அதை மூடிவைக்கிறேன் என்கிறீர்கள்.

இனி அந்த மூன்று உருட்டல். பீப்பாயைச் சாய்க்க ஒன்று, குறிபார்க்க ஒன்று, பந்தம் எறிய ஒன்று என்றுதானே கேட்டிருப்பீர்கள்? ஒவ்வொன்றிலும் அவளுக்கு 70 சதவீத வாய்ப்பு என்றே வைப்போம். மூன்றிலும் ஜெயிக்க 34 சதவீதம்தான். எளிதான காரியம் என்று நினைத்துக்கொண்டே மூன்றில் இரண்டு தடவை தோற்கும் காரியமாக்கிவிட்டீர்கள். பதுங்கிப் போகும்போதும் இதே கதை. நால்வருக்கும் தலா 60 சதவீதம் இருந்து, எல்லோரும் ஜெயித்தாக வேண்டும் என்றால் 13 சதவீதம். புத்தகத்தில் உள்ள குழுச் சோதனைப்படி பாதிப்பேர் ஜெயித்தால் போதும் என்றால் 82. கதை விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று கூடுதலாக உருட்டச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரரின் கழுத்தைத்தான் நெரிக்கிறீர்கள். அந்த விதிக்காரர் சொல்லவந்தது இதுவாகவும் இருந்திருக்கலாம், கேட்டீர்களா?

ஒரே உருட்டல் வையுங்கள். அதற்கு முன்பே எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “பீப்பாய் கனமானது. வலிமைச் சோதனை, இலக்கு எண் 15. ஜெயித்தால் எட்டுக் கட்டம் நனையும், அடுத்த முறையில் பந்தத்தை எறியலாம், அதற்கு உருட்ட வேண்டாம். தோற்றாலும் பீப்பாய் கவிழும், ஆனால் நீ நிற்கும் கட்டமும் நனைந்துவிடும். செய்கிறாயா?” கேட்டபிறகு அவள் பின்வாங்கலாம். துணைக்கு ஒருவரை அழைக்கலாம். வலிமைக்கு +5 இருந்தால், இருபதுமுகப் பகடையில் 10 விழுந்தாலே கூட்டி 15 ஆகிவிடும், 55 சதவீத வாய்ப்பு. துணை வந்தால் அட்வான்டேஜ், இரண்டு பகடையில் பெரியதை எடுத்துக்கொள்வாள், ஏறத்தாழ 80. இந்தக் கணக்கு தெரிந்து எடுக்கும் முடிவுதான் ஆட்டம். பகடை விழுந்தபின் “14ஆ... ம்ம்... போதாது” என்று நீங்கள் இழுத்தால் அவள் விளையாடவே இல்லை, உங்கள் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். 10, 15, 20 என்ற மூன்று எண்கள் போதும், ஓர் இரவு முழுக்க நடத்தலாம்.

திரை வையுங்கள், குறிப்புகளை மறைக்க. பகடையை எல்லோர் கண்முன்னும் உருட்டுங்கள். வேறு விளையாட்டுக்கு மாறுவதும் உங்கள் விருப்பம். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு ஆறுமுகப் பகடைதான். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நடத்துபவரான உங்கள் கைவரிசை. ஆனால் அந்தக் கைவரிசை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அங்கே நடத்துபவருக்கும் விதி எழுதியிருக்கிறார்கள். தப்பிக்க வழியில்லை.

விதிக்காரரை விரட்டிவிடாதீர்கள். அவர் மேசைக்குக் கிடைத்த வரம். சந்தேகம் வந்தால் அவர் ஒரு நிமிடம் தேடட்டும், அதற்குள் நீங்கள் அடுத்தவரின் முறையை நடத்துங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் தீர்ப்பு அன்றைக்குச் செல்லும், ஆட்டம் முடிந்தபின் இருவரும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். திருத்தியதை ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதவையுங்கள். எட்டுக் கட்டம், 4 சுற்று, 5 சேதம் என்று எழுதிவிட்டால் அது கோப்ளின்களுக்கும் பொருந்தும். அடுத்த கோட்டையில் அவர்கள் மேலே நின்று பீப்பாயைச் சாய்க்கும்போது இலக்கு எண்ணை மாற்றாதீர்கள்.