குரங்கையும் கண்டக்டரையும் ஆராய்ந்து யாருக்கு என்ன பயன்? அந்தப் பணத்தில் மருந்து கண்டுபிடிக்கலாமே?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: ஒரு பேராசிரியர் காட்டுக் குரங்கின் இரத்தத்தைச் சோதிக்கிறார், இன்னொருவர் பஸ் கண்டக்டர்களை எண்ணுகிறார், வேறொருவர் ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேள்வித்தாளை நீட்டுகிறார். இப்படி ஆளுக்கொரு பக்கமாகப் போகிற ஆய்வுகளால் சாதாரண மனிதனுக்கு என்ன கிடைக்கும்?

நான் 14 வருடமாக மருத்துவ ஆய்வுகளுக்குக் களப்பணி பார்க்கிறேன். கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், எடை மெஷின், பி.பி. மெஷின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவது என் வேலை. உங்கள் கேள்வியை எத்தனையோ வாசல்களில் நின்று கேட்டிருக்கிறேன். அரை நாள் கூலியை விட்டுவிட்டு என் முன்னால் வந்து உட்காருகிறவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. அதனால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கண்டக்டர். என் அப்பா 31 வருடம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர், அதனால் அந்த ஆய்வு எனக்கு வீட்டு விஷயம் மாதிரி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் மாரடைப்பு கூடிக்கொண்டே போனது. ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், ஒருவர் செய்கிற வேலையில் ஏதாவது காரணம் இருக்குமோ என்று தேடப் போனார். லண்டனில் ஓடியவை மாடி பஸ்கள். டிரைவர் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட மேலும் கீழுமாக ஏறி இறங்குவார், நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள். இருவரும் ஒரே டெப்போ, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் பதிவுகளை மோரிஸ் குழு பார்த்தது. கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்திருந்தது. வந்தவர்களுக்கும் பிந்தித்தான் வந்தது, சட்டென்று உயிரைப் பறிப்பதும் குறைவு. 1953-ல் இது லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. தபால்காரர்களை ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்களோடும் டெலிபோன் ஆபரேட்டர்களோடும் ஒப்பிட்டபோதும் இதே கதைதான். நடப்பது நெஞ்சுக்கு நல்லது என்று இன்று டாக்டர் சொல்வதற்கு அந்தப் படிகள்தான் ஆரம்பம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்தது. ஒல்லியானவர்கள் கண்டக்டர் வேலைக்கும் பருமனானவர்கள் டிரைவர் வேலைக்கும் ஆரம்பத்திலேயே பிரிந்து போயிருந்தால்? அப்படியென்றால் படிக்கட்டுக்கு அதில் பங்கே இல்லாமல் போகலாம். மோரிஸ் அதையும் விடவில்லை. ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த அளவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். பேன்ட் இடுப்பளவு டிரைவர்களுக்கு எல்லா வயதிலும் பெரியதாக இருந்தது, வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கும்கூட. தன் முடிவைப் பலவீனப்படுத்தக்கூடிய அந்த விவரத்தை 1956-ல் அவரே அதே லான்செட்டில் எழுதினார். பிறகு உடல்வாகைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோதும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ள வித்தியாசம் மறையவில்லை. தையல்காரர் நோட்டில் கிடந்த எண்ணை இதய நோயோடு சேர்த்துப் பார்க்க ஒரு மருத்துவருக்குத் தோன்றியதே, எனக்கு ஆய்வு என்றால் அதுதான்.

இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, கெண்டைக்காலில் கயிறாகத் திரண்டிருக்கும் நரம்பைத் தொட்டுக் காட்டினார். "நெஞ்சு நல்லாருக்குது கண்ணு, நெசந்தான். இதை யாராச்சும் எழுதுனாங்களா?" வெரிகோஸ் வெயின். நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு அது அதிகம் வருகிறது என்று வேறு ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் மோரிஸ் தேடியது அதை அல்ல. ஓர் ஆய்வு ஒரு கேள்வியைத்தான் கேட்கும். அப்பாவின் நெஞ்சைப் பார்த்தவர் காலைப் பார்க்கவில்லை. காலைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். நீங்கள் சிதறல் என்று சொல்வதில் பாதி இப்படி வந்ததுதான்.

மீதிப் பாதியைச் சொல்ல திருப்பூருக்குப் போக வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் இரத்த அழுத்தம் பற்றிய ஓர் ஆய்வுக்கு அங்கே போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, லைன் வீட்டு வாசல். பவர் டேபிளில் தைக்கிற ஓர் அக்கா கையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளவைச் சொன்னேன், கொஞ்சம் கூடுதல். அவர் மாத்திரை பற்றிக் கேட்கவில்லை. "ஏனுங்க, எங்க சூப்பர்வைசருக்கு எவ்வளவு வந்துச்சுங்க?" என்றார். "மத்தவங்களோடத சொல்லக் கூடாதுங்க அக்கா" என்றேன். உண்மையில் அந்த ஆய்வில் சூப்பர்வைசர்கள் யாருமே இல்லை. தைக்கிறவர்கள், செக்கிங் பார்க்கிறவர்கள், அயர்ன் போடுகிறவர்கள் மட்டும்தான்.

அந்த அக்கா கேட்டதைத்தான் லண்டனில் ஒயிட்ஹால் ஆய்வு கேட்டது. 1967-ல் பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கி, சுமார் 18,000 ஆண்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். மாரடைப்பு பெரிய அதிகாரிகளின் வியாதி, பொறுப்பு கூடினால் நெஞ்சுக்கு ஆபத்து என்று ஊரே நம்பிய காலம் அது. கணக்கு தலைகீழாக வந்தது. மிகக் கீழ்ப்படியில் இருந்த மெசஞ்சர்கள், வாயிற்காவலர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைப் போல ஏறக்குறைய 3 மடங்கு. மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும் மட்டும் இருந்த வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் கொஞ்சம் கூடியது. இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச மருத்துவம். புகைபிடித்தல், கொழுப்பு, பி.பி. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

அந்த மீதி எங்கிருந்து வருகிறது? மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-ல் இரண்டாவது ஒயிட்ஹால் ஆய்வு தொடங்கியது. இந்த முறை பெண்களும் உண்டு, மொத்தம் 10,308 பேர். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் முடிவெடுக்க ஒருவருக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று அதில் கேட்டார்கள். அந்த உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடியது என்பது 1997-ல் வெளிவந்த முக்கியமான முடிவு.

இங்கேதான் குரங்கு தேவைப்படுகிறது. மனிதர்களில் கீழ்ப்படியில் இருப்பவருக்குச் சம்பளமும் குறைவு, படிப்பும் குறைவு, வீடும் சின்னது. எதை எதிலிருந்து பிரிப்பது? குரங்குக்கு வீட்டு வாடகை கிடையாது, பீடி கிடையாது. படிநிலை மட்டும் உண்டு.

ராபர்ட் சபோல்ஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1978-லிருந்து வருடா வருடம் கென்யாவுக்குப் போய் பபூன் குரங்குகளோடு இருந்தார். ஊதுகுழலில் மயக்க ஊசி வைத்து ஊதி, குரங்கு விழுந்ததும் இரத்தம் எடுப்பார். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் தினமும் அதே காலை நேரத்தில்தான் ஊத வேண்டும், ஏனென்றால் ஹார்மோன் அளவு மணிக்கு மணி மாறும். அன்று சண்டை போட்ட குரங்கு, அடிபட்ட குரங்கு, இணை சேர்ந்த குரங்கு எதுவும் ஆகாது. ஊசியோடு ஆள் வருவதைக் குரங்கு பார்த்துவிட்டால் பயத்திலேயே அளவு ஏறிவிடும். அது முதுகைக் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சொட்டு இரத்தம் சரியான இரத்தமாக இருக்க எவ்வளவு பொறுமை! பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்கிறேனே, அதே காரணம்தான்.

அவர் கண்டது: கூட்டத்தில் படிநிலை நிலையாக இருக்கும்போது கீழே உள்ள ஆண்களின் உடம்பில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சும்மா இருக்கும்போதே கூடுதலாக இருந்தது. ஆனால் இதை வைத்துக்கொண்டு மேலே இருப்பவனுக்கு எப்போதும் சுகம் என்று சொல்லிவிட முடியாது. கென்யாவின் அம்போசெலியில் வேறொரு குழு, குரங்கைத் தொடாமல் அதன் சாணத்திலிருந்தே ஹார்மோனை அளந்தது. 125 ஆண்கள், 9 வருடம். 2011-ல் வந்த முடிவில் தலைவன் குரங்குக்கும் அழுத்தம் கடுமையாக இருந்தது, நிம்மதியாக இருந்தவன் இரண்டாம் இடத்தில் இருந்தவன். ஒரே விலங்கு, வேறு கூட்டம், வேறு முறை, கதையும் கொஞ்சம் மாறுகிறது. ஒரே ஆய்வோடு நிறுத்தியிருந்தால் நாம் தவறாகப் புரிந்துகொண்டிருப்போம்.

சபோல்ஸ்கியின் கூட்டத்துக்கு 1980களில் ஒரு துயரம் நேர்ந்தது. சுற்றுலா விடுதி ஒன்றின் குப்பைக்குழியில் காசநோய் பிடித்த மாட்டின் இறைச்சி வந்து விழுந்தது. பக்கத்துக் கூட்டத்தோடு மல்லுக்கட்டி அதைத் தின்னப் போனவை முரட்டு ஆண்கள்தான். அவை செத்துப்போயின. ஆண்களில் ஏறக்குறைய பாதி. மிஞ்சியவை சாதுவானவை. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பழைய ஆண்கள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. ஆனால் கூட்டத்தின் அமைதி அப்படியே இருந்தது. கீழ்நிலையில் இருந்த ஆண்களிடம் அந்த அழுத்தத்தின் அடையாளமும் இல்லை. இதை சபோல்ஸ்கி குழு 2004-ல் எழுதியது. ஒரே ஒரு கூட்டம்தான், அதை வைத்து எல்லாம் நிரூபணம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த லைன் வீட்டு அக்காவின் முகம்தான் நினைவில் இருந்தது. கீழே இருப்பது உடம்பைத் தின்பதும் தின்னாததும், மேலே இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் பொறுத்தது என்றால், கம்பெனிகளில் மாற்றக்கூடியது எவ்வளவோ இருக்கிறது.

அந்தப் பணத்தில் மருந்து கண்டுபிடிக்கலாமே என்று கேட்டீர்கள். காசநோய் என்றதும் சொல்ல வேண்டியது நம் சென்னையில் நடந்தது. 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் பிறகு சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அப்போது மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது. இல்லாதது படுக்கை. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்க வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அன்றைய மருத்துவம். லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீடுகளுக்கே. இரு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் என்னைப் போன்ற களப்பணியாளர்கள் என்பதில் எனக்குப் பெருமை. 1959-ல் முடிவு வந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு குணம் தந்தது. கூட வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு புது மருந்துகூடக் கண்டுபிடிக்கவில்லை, இருந்த மருந்தை ஏழை வீட்டுக்குள் கொண்டுபோக வழி கண்டுபிடித்தார்கள்.

விலங்குகள் இதிலும் உண்டு. தான்சானியாவின் மொரோகோரோவில் அபோபோ என்ற அமைப்பு பெரிய வகை எலிகளுக்குச் சளி மாதிரியை மோந்து காசநோயைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்கிறது. 100 மாதிரிகளை ஒரு எலி சுமார் 20 நிமிடத்தில் முடிக்கும். நுண்ணோக்கியில் ஒருவர் அத்தனையும் பார்க்க நாள்கணக்கில் ஆகும்.

அடுத்த மாதம் மறுபடி திருப்பூர் போகிறோம், அந்த ஆய்வின் இரண்டாவது சுற்று. அக்கா கேட்டதை அன்றே கேள்வித்தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு வந்து எங்கள் கூட்டத்தில் சொன்னேன். இந்தத் தடவை பட்டியலில் சூப்பர்வைசர்களும் இருக்கிறார்கள்.