எம்.பி.க்கு மதிப்பெண் போட முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் சுற்றுச்சூழல் மசோதாக்களுக்கு எப்படி வாக்களித்தார்கள் என்று பார்த்து, மக்கள் பிரதிநிதிகளுக்கு ஓர் அமைப்பு மதிப்பெண் போடுகிறதாமே. நம் எம்.பி.க்களுக்கும் போட்டால் என்ன? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: அந்த ஆசை எனக்கும் உண்டு. நீங்கள் சொல்வது 1970-இல் தொடங்கிய 'லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ்' அமைப்பு. முக்கிய மசோதாக்களில் ஒவ்வொருவர் வாக்கும் பெயரோடு பதிவாவதால் அங்கே நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட முடிகிறது. இங்கே கணக்கிடப் பெரும்பாலும் வாக்கே கிடைப்பதில்லை.

2023 ஜூலை 26 அன்று மக்களவையில் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா நிறைவேறியது. நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் தேசப் பாதுகாப்பு சார்ந்த சாலை, ரயில் பாதை போன்றவற்றுக்கு வனச் சட்டத்திலிருந்து விலக்கு தரும் மசோதா அது. மணிப்பூர் கலவரம் குறித்த அமளிக்கு நடுவே, 'ஆம்', 'இல்லை' என்ற குரல்களை மட்டும் கேட்டு முடிவு சொல்லும் குரல் வாக்கெடுப்பில் முடித்துவிட்டார்கள். உங்கள் எம்.பி. 'ஆம்' என்றாரா, 'இல்லை' என்றாரா, அந்த நேரத்தில் அவையில் இருந்தாரா? எந்த ஏட்டிலும் இருக்காது. உறுப்பினர்கள் வற்புறுத்தினால் வாக்குகளைப் பதிவுசெய்ய விதி இருக்கிறது. காட்டின் தலையெழுத்தை மாற்றும் சட்டத்துக்குக்கூட அதைச் செய்யவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

பதிவானாலும் 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆகவே வாக்கு, கட்சியின் மனதைத்தான் காட்டும். ஆனால் அமைச்சரிடம் கேள்வி கேட்டதற்காக யாருடைய பதவியையும் பறிக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. அதனால் நான் கேள்விகளைத்தான் பார்ப்பேன்.

நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் வாரியாகக் கேள்விகளும் பதில்களும் கிடைக்கின்றன. எண்ணிக்கையை விடுங்கள், படித்துப் பாருங்கள். 'வனப் பரப்பைப் பெருக்க அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன?' என்று கேட்டால் திட்டங்களின் பட்டியல் வரும், அவ்வளவுதான். 'எங்கள் மாவட்டத்தில் ஐந்தாண்டுகளில் எத்தனை ஹெக்டேர் வன நிலம், எந்தெந்தத் திட்டங்களுக்கு மாற்றப்பட்டது? ஈடாக நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன?' என்று கேட்பவர்தான் விஷயம் தெரிந்தவர். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியானால், அதாவது அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும் கேள்வியானால், அவையிலேயே துணைக்கேள்வியும் எழுப்பலாம்.

இன்னொன்று, மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழு, கூட்டுக்குழு அறிக்கைகளின் பின்பக்கங்கள். மேற்சொன்ன மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவில் சில உறுப்பினர்கள் மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுத்தார்கள். அது அவர்கள் பெயரோடு அச்சில் இருக்கிறது. மதிப்பெண் போட விரும்புகிறவர் முதலில் புரட்ட வேண்டிய இடம் அது.

கேள்வி: நான் ஒருத்தி கடிதம் எழுதினால் படிப்பார்களா?

பதில்: புலம்பலாக எழுதாமல், அவையில் எழுப்பத் தக்க கேள்வியாகவே எழுதி அனுப்புங்கள். கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால், கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே அது எம்.பி. அலுவலகத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். கேட்டாரா என்று தொடர் முடிந்ததும் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால், அடுத்த முறை வாக்கு கேட்டு வரும்போது நகலை அவர் கையில் கொடுத்துக் காரணம் கேளுங்கள்.