மகன் லினக்ஸ், மருமகன் மக், நடுவில் ஒரு கல்வெட்டு

வணக்கம் அண்ணை,

என்ர லப்ரொப் 2016இல் வாங்கினது, விண்டோஸ் 10. அதுக்கு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுதாம், 11 போட இந்த மெசின் காணாதாம். கம்பஸில படிக்கிற மகன் "மைக்ரோசொப்ட் கொள்ளைக்காரன், விண்டோஸை விட்டிட்டு இலவசமாக் கிடைக்கிற லினக்ஸைப் போடுங்கோ" எண்டு நிக்கிறான். ரொறன்ரோவில இருந்து வந்த மருமகன் "மாமா, அப்பிளின்ர மக் ஒண்டை வாங்குங்கோ, தலையிடி இல்லை" எண்டுறார். ஞாயிற்றுக்கிழமை கூழோட தொடங்கின வாக்குவாதம் பின்னேரத் தேத்தண்ணி வரை போச்சு. நான் செய்யிறது கோயில் மலர், கலியாணக் கார்ட், செத்தவீட்டு நினைவுப் புத்தகமான கல்வெட்டு அடிக்கிறது. எந்தக் கம்பனியை நம்பலாம்?

கொக்குவில் வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

ஒன்றையும் நம்பவேண்டாம். உங்கள் மெசின் பழுதில்லை. அதன் புரொசெசர் மைக்ரோசொப்டின் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். மகனின் கோபம் நியாயம். ஆனால் லினக்ஸ் பக்கமும் கம்பனிகள்தான் நிற்கின்றன. 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றவர் மைக்ரோசொப்டை நடத்திய ஸ்டீவ் பால்மர். 2016இல் அதே கம்பனி காசு கட்டி லினக்ஸ் அறக்கட்டளையில் சேர்ந்தது. மனம் திருந்தியல்ல, சேர்வர்களை இணையத்தில் வாடகைக்கு விடும் கிளவுட் வியாபாரத்துக்கு லினக்ஸ் தேவைப்பட்டது. ஐபிஎம் 3,400 கோடி டொலருக்கு ரெட்ஹட் என்ற லினக்ஸ் கம்பனியை வாங்கியது 2019இல். அடுத்த வருடமே, 2029 வரை இருக்கும் என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸை 2021 முடிவோடு நிறுத்துவதாக ரெட்ஹட் சொன்னது. நம்பி சேர்வர் போட்டவர்கள் திகைத்துப் போனார்கள். ஆனால் மூலநிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து கிடந்ததால் சில மாதங்களிலேயே அல்மா, ரொக்கி என்ற பெயர்களில் வேறு ஆட்கள் அதைத் தொடர்ந்தார்கள். மகன் வாதாட வேண்டிய இடம் இதுதான். கொள்ளைக்காரன் கதை வேண்டாம்.

மருமகனுக்கு ஒரு வரி போதும்: 2025இல் வந்த டாஹோ என்ற மக் இயங்குதளம்தான் இன்டெல் புரொசெசர் உள்ள பழைய மக்குகளுக்குக் கடைசி என்று அப்பிளே அறிவித்துவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். 2004இல் அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நானே கல்வெட்டு அடித்தேன், வேர்டில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். ஆறு மாதத்துக்கு முன் லண்டனில் இருக்கிற தங்கச்சி அதில் ஒரு பந்தியைக் கேட்டாள். பழைய சிடியில் தேடியெடுத்து அனுப்பினேன். "என்ன அண்ணா, முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமாக் கிடக்கு" என்றாள். பாமினி தெரிந்த உங்களுக்கு விளங்கும். "தமிழ்" என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதன்மேல் பாமினி தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. போர்வை இல்லாத கணினியில் அப்பாவின் பெயரே அப்பாவின் பெயரில்லை. இத்தனைக்கும் இரண்டு பக்கமும் விண்டோஸ்தான். எந்தக் கம்பனியும் எங்களை ஏமாற்றவில்லை. தமிழை எந்தக் கணினியிலும் தமிழாகவே வைக்கும் யுனிகோட் வந்த பிறகும் விரல் பழகிவிட்டது என்று நாங்களே அதில் கிடந்தோம்.

ஆகவே முதலில் உங்கள் பழைய மலர்களை யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் ஒருதரம் பார்க்கவேண்டும், அலுப்புப் பிடித்த வேலை. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்புச் செயலியில் இருப்பவற்றை அந்தப் பழைய மெசின் உயிரோடு இருக்கும்போதே பிடிஎவ் ஆக்கி வையுங்கள். ஆதரவு முடிந்த மெசின் என்பதால் அதுவரை அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

பிறகு மகனை ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ற் என்ற லினக்ஸ் வகையை ஏற்றித் தரச் சொல்லுங்கள். விண்டோஸை அழிக்காமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் விரலுக்குப் பழகின விசைப்பலகையை அவன் அதில் கொண்டுவரவேண்டும், அது அவன் பாடு. ஒரு கலியாணக் கார்ட்டை அடித்து உங்கள் பிரின்டரிலேயே எடுங்கள். "ஸ்ரீ"யும் "சௌ"வும் குலையாமல் விழுந்தால் மகன் வென்றான். விழாவிட்டால், மக் ஆர் வாங்கித் தாறது என்று மருமகனைக் கேளுங்கள்.