சன்ஷேட் உதிர்வு, தரை விரிசல், வெள்ளைப் பூப்பு: வெளிப்புறக் காங்கிரீட் கேள்வி பதில்

கேள்வி: மொட்டை மாடியில் அங்கங்கே விரிசல். சிமென்ட் பால் ஊற்றினால் போதுமா?

பதில்: முதலில் விரிசல் இன்னும் நகர்கிறதா என்று பாருங்கள். முனைகளில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு ஓரத்தையும் எபாக்ஸியால் ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது. அதில் சிமென்ட் நிற்காது, வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது மறுபடி பிளக்கும். 12 மி.மீ. அகலத்துக்குக் காடி வெட்டி, தூசி நீக்கி, அடியில் நுரைக் கயிறு வைத்து, மேலே 6 மி.மீ. பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் போல இழுபடும் அடைப்புப் பசை) போடுங்கள். சீலன்ட் இரு பக்கச் சுவரில் மட்டுமே ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டினால் இழுபட்டுக் கிழியும். நகராத விரிசலுக்குப் பாலிமர் கலவை போதும். விரிசல் அகலத்துக்கு ஐ.எஸ். 456 (காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி) சொல்லும் பொது வரம்பு 0.3 மி.மீ., எப்போதும் ஈரம் படும் இடத்தில் 0.2.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. சன்ஷேட் அடியில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. கொத்தனார் பூசிவிடலாம் என்கிறார், சார்.

பதில்: துரு மேல் பூசினால் பூச்சு மறுபடி விழும். இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும், அந்த அழுத்தம்தான் காங்கிரீட்டைத் தள்ளுகிறது. ஆகவே வேலை கம்பியில் தொடங்க வேண்டும்.

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று வெற்று ஒலி வரும் இடமெல்லாம் பெயர்த்தெடுக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் பள்ளம் மட்டுமல்ல. ஓரத்தை க்ரைண்டரால் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள். சாய்வாக மெலியும் ஓரம் முதலில் உரியும். கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. இடைவெளி வரச் செதுக்கி, வயர் பிரஷால் துரு போகத் தேய்த்து, உப்பு இறங்க நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் ஜிங்க் ப்ரைமர் அடியுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

கலவை: சிமென்ட் 1, மணல் 3. 50 கிலோ மூட்டைக்கு எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் (ஒட்டுத்திறன் கூட்டும் செயற்கை ரப்பர் பால்) 5 முதல் 7.5 லிட்டர். அதே லேட்டக்ஸும் சிமென்டும் கலந்த குழம்பைப் பழைய காங்கிரீட்டில் தடவி, அது காயும் முன் கலவையை அறையுங்கள். ஒரு தடவைக்கு 10–15 மி.மீ. போதும், தலைக்கு மேல் கனமாகப் போட்டால் தொங்கி விழும்.

கேள்வி: இப்படிச் சரிசெய்த இடம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதை ஒட்டிய இடம் வெடிக்கிறது. ஏன்?

பதில்: உப்புக் காற்றுள்ள ஊரில் எதிர்பார்க்க வேண்டியதுதான். துருப்பிடித்த பகுதி அதுவரை பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் துரு பக்கத்துக்கு நகர்கிறது. ஒட்டுப் போடும்போதே உள்ளே கம்பியில் ஜிங்க் ஆனோடு (கம்பிக்குப் பதில் தான் அரிக்கப்படும் துத்தநாகத் துண்டு) கட்டலாம். முழு சன்ஷேடின் மேற்புறத்திலும் நீர்த்தடுப்புப் பூச்சு, முன் விளிம்பின் அடியில் நீர் சொட்டும் காடி, இரண்டும் அவசியம். பலர் மேற்புறத்தை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கார் நிறுத்தும் தரையில் குறுக்கே விரிசல், மேலே மாவு போலத் தூசி வருகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு. 100 மி.மீ. கனமுள்ள தரையை 3 மீட்டருக்கு ஒரு இடத்தில் 25 மி.மீ. ஆழம் வெட்டியிருந்தால் விரிசல் அந்தக் கோட்டில் போயிருக்கும். வெட்டாததால் அது தன் வழியைப் பார்த்துக்கொண்டது. தூசிக்குக் காரணம், மேலே மிதந்த தண்ணீர் வற்றும் முன் உலர் சிமென்ட் தூவித் தேய்த்தது. லேசாக இருந்தால் சிலிகேட் ஹார்டனர் (மேற்பரப்பை இறுக்கும் திரவம்) அடிக்கலாம். நகத்தால் சுரண்டினாலே வந்தால் மேல் அடுக்கை க்ரைண்ட் செய்த பிறகு அடியுங்கள்.

கேள்வி: காம்பவுண்டு சுவரில் வெள்ளையாகப் பூக்கிறது. ஆசிட் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். காய்ந்த பிரஷால் தேயுங்கள். தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அடையுங்கள். ஈரம் ஏறுவது நிற்கும் முன் பெயிண்ட் அடித்தால் கொப்பளித்து உரியும்.

கேள்வி: பால்கனியின் மேற்புறத்தில், சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு விரிசல். அடியில் ஒன்றுமே இல்லை.

பதில்: இந்தப் பட்டியலில் இதுதான் அவசரம். வெளியே நீட்டிய தளத்தில் முக்கியக் கம்பி மேற்புறம் இருக்க வேண்டும். காங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கியிருந்தாலோ, தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருந்தாலோ இந்த இடம்தான் முதலில் பிளக்கும். பூசி மறைக்காதீர்கள். இன்றே பூந்தொட்டிகளை எடுத்து, அடியில் முட்டுக் கொடுத்து, மேலும் கீழும் யாரும் நிற்காமல் தடுத்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.