சொந்த இடத்துக்கும் வாடகை உண்டு: ஒரு மரச்செக்குக் கடையின் உற்பத்திக் காரணிகள்

கேள்வி: திண்டிவனம் அருகே சொந்த இடத்தில் இரண்டு மரச்செக்குகள் வைத்து, ஒன்றரை ஆண்டாகக் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறேன். செக்குகளுக்கு நான்கு லட்சம், சரக்குக்கு இரண்டு லட்சம் எனச் சேமிப்பிலிருந்து போட்டேன். நாள் முழுவதும் நானும், அரை நாள் மனைவியும் உழைக்கிறோம். செலவு போக மாதம் 41,000 ரூபாய் நிற்கிறது. செக்குகள் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடுகின்றன. கடன் வாங்கி மூன்றாவது செக்கு போடலாமா? நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவு என்று பள்ளியில் படித்தது இதற்கு உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும். அந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஊதியம் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைத் திரும்பப் பாருங்கள். நிலத்துக்குரியதைப் பாடநூல் 'வாரம்' என்கிறது. வயலை வாரத்துக்கு விடுவதில் வரும் அதே சொல்தான் அது, கடைக்கு நாம் வாடகை என்கிறோம். உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, இவை மூன்றையும் ஒன்றுசேர்த்துத் தொழிலாக நடத்துபவருக்கு இலாபம். உங்கள் கடையில் இந்த நான்கு பேருமே நீங்கள்தான் என்பதால், நான்கு ஊதியமும் ஒரே பெட்டியில் விழுந்து, மொத்தமும் இலாபம் போலத் தெரிகிறது.

பிரித்துப் பார்ப்போம். உங்கள் இடத்தை வேறொருவருக்கு விட்டால் மாதம் 8,000 ரூபாய் வரும் என்று கொள்ளுங்கள். நீங்கள் வேறிடத்தில் வேலைக்குப் போனால் 18,000, உங்கள் மனைவியின் அரை நாள் உழைப்புக்கு 6,000. ஆறு லட்சத்தை வங்கியில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் மாதம் 3,500. உரலும் உலக்கையும் மரம் என்பதால் தேய்மானம் தவிர்க்க முடியாதது. நான்கு லட்சத்தைப் பத்தாண்டுக்குப் பங்கிட்டால் மாதம் ஏறத்தாழ 3,300. ஆக மொத்தம் 38,800 ரூபாய். மிஞ்சுகிற 2,200 ரூபாய்தான் தொழில்முனைவுக்கான இலாபம். கடலை விலை ஏறினாலும் சரக்கு கெட்டாலும் நட்டத்தைச் சுமப்பவர் நீங்கள் என்னும்போது, இது மிக மெல்லிய தொகை. நான் ஊகித்திருக்கும் எண்களுக்குப் பதிலாக உங்கள் ஊர் வாடகையையும் கூலியையும் போட்டுக் கணக்கிடுங்கள். குறிப்பாக, மனைவியின் உழைப்பை எண்ணாமல் விட்டுவிடாதீர்கள். குடும்பத் தொழில்களில் முதலில் கணக்கிலிருந்து விழுவது அதுதான், அது நியாயமும் அன்று.

தொழிலை ஒருங்கிணைத்து நடத்துவதும் தனிக் காரணிதான் என்பதை 1890-இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தியவர் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல். எந்தக் காரணியை இன்னும் சற்றுக் கூட்டினால் விளைச்சல் மிகும், எதைக் கூட்டினால் வீணாகும் என்று தீர்மானிப்பதே நடத்துபவரின் முதல் வேலை. மற்றவை மாறாதிருக்க ஒன்றை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குமேல் கூடுதல் பலன் குறையத் தொடங்கும். உங்கள் இரண்டு செக்குகளும் ஐந்து மணி நேரமே ஓடுகின்றன. அப்படியிருக்க மூன்றாவதை வாங்கினால், மூன்றும் நாளுக்கு ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரமே ஓடும், எண்ணெய் கூடாது, வட்டியும் தேய்மானமும் மட்டும் கூடும். ஆகவே இப்போது வேண்டாம்.

பற்றாக்குறை வேறிடத்தில் இருக்க வாய்ப்புண்டு. ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டியிருக்கும் தொழிலில், பருப்பு வாங்கும் விலையே உங்கள் இலாபத்தைத் தீர்மானிக்கிறது. இறவைக் கடலை அறுவடையாகிப் பங்குனி, சித்திரையில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும்போது மொத்தமாக வாங்க முடியாமல், பிறகு வாராவாரம் வியாபாரியிடம் வாங்குகிறீர்கள் என்றால், உங்களுக்குக் குறைவாக இருப்பது நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கக் கையில் வேண்டிய பணம். கடன் வாங்குவதானால் அதற்கு வாங்குங்கள். கிலோ பருப்பு 110 ரூபாய் விழுகிறது, வட்டி 11 சதவீதம் என்று கொண்டால், ஆறு மாதம் இருப்பு வைக்கக் கிலோவுக்கு ஏறத்தாழ 6 ரூபாய் வட்டி ஆகும். காய்ந்து எடை குறைவதையும் அதோடு சேருங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் அறுவடைக் கால விலைக்கும் பிந்தைய விலைக்கும் இருந்த வித்தியாசம் இதைவிட அதிகமாக இருந்ததா என்பதை உங்கள் பழைய பில்களே சொல்லும்.

இருப்பு வைப்பதற்கு உங்கள் நிலமும் உதவ வேண்டும். உடைத்த பருப்பாக வைக்காமல், நன்றாகக் காய்ந்த காயாக, தரையில் படாமல் மரச் சட்டத்தின்மேல் அடுக்கிவையுங்கள். ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உருவாகும். அதை ஆட்டி விற்கக் கூடாது. இருப்பு வைக்க ஏற்ற உலர்ந்த அறை இல்லையென்றால், முதல் செலவு அந்த அறைக்குத்தான். பிறகு விற்பனை கூடி, இரண்டு செக்குகளும் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து மூன்று மாதம் ஓடும்போது, மூன்றாவது செக்குக்கு விலை கேளுங்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளின் கூலியையும் அன்றைய கணக்கில் சேர்த்துவிடுங்கள்.