செல்லின் உட்கருவுக்குள் பொட்டுகளாகத் தெரியும் நியூக்ளியோலஸ், ஸ்பெக்கிள் எல்லாம் மரபணுக்களைப் பாதிக்கின்றனவா, இல்லை சும்மா திரண்டு கிடக்கும் புரதமா?

யாரோ உங்களிடம் இளக்காரமாகக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் கேட்டார்கள். ஆய்வுப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வான வைவாவில், அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது: "இந்தப் பொட்டுகளை எண்ணவா அஞ்சு வருஷம்?"

நியூக்ளியோலஸைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். மனித செல்லில் 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களில் உள்ள ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்களைச் சுற்றித்தான் அது உருவாகிறது. செல் பிரியும்போது கலைந்து, பிரிந்து முடிந்ததும் திரும்பக் கூடுகிறது.

நான் மாரடித்தது ஸ்பெக்கிளோடு. ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் புரதங்கள் குவிந்திருக்கும் இடம்; சாதாரண செல்லில் ஓரம் பிய்ந்த மேகத்துண்டு மாதிரி தெரியும். ஒருநாள் மருந்தே போடாத ஸ்லைடில் அத்தனையும் முத்து முத்தாக உருண்டு நின்றன. தலைகால் புரியவில்லை. விடிய விடியப் படம் எடுத்தேன். (நுண்ணோக்கி எனக்கு எப்போதும் ராத்திரி 2 மணிக்குத்தான் கிடைக்கும். பகல் நேரமெல்லாம் யாருக்குப் போனது என்று கேட்காதீர்கள், வயிறு எரியும்.) காலையில் டிஆர்பி என்று எழுதிய ஸ்லைடை வைத்தால், அதில் மேகங்கள்! செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடியை (கவர்ஸ்லிப்) ஸ்லைடு மாற்றி ஏற்றியிருக்கிறேன். டிஆர்பி, மரபணுவைப் படியெடுப்பதை நிறுத்தும் மருந்து. படியெடுப்பு நின்றால் ஸ்பெக்கிள் பெருத்து உருண்டுவிடும் என்பது பழைய சங்கதி. ஆனால் அதைப் படித்தபோது உறைக்காதது அன்றைக்கு உறைத்தது: மரபணுக்கள் ஓடுகிற ஓட்டம்தான் பொட்டுக்கு உருவம் கொடுக்கிறது.

எதிர்த்திசையிலும் நடக்கிறது. வைவாவில் கையில் இல்லாத பதில் இது. சூடு பட்டால் முடுக்கிவிடப்படும் ஹீட் ஷாக் மரபணு ஸ்பெக்கிளைத் தொட்ட சில நிமிடங்களில் படியெடுப்பு கூடுவதை உயிருள்ள செல்லிலேயே படம்பிடித்துவிட்டார்கள். உட்கருவில் எந்தெந்த டிஎன்ஏ துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்க்கும், 2018இல் வந்த ஸ்பிரைட் முறையில், வெவ்வேறு குரோமோசோம்களின் சுறுசுறுப்பான பகுதிகள் ஸ்பெக்கிளைச் சுற்றியும், அடங்கிக் கிடப்பவை நியூக்ளியோலஸைச் சுற்றியும் கூடுவது தெரிந்தது.

உடனே ஒருவர் வந்து "சேர்ந்திருப்பதாலேயே காரணம் ஆகிவிடுமா?" என்பார். தெரியும் சாமி. ஸ்பெக்கிள்தான் எஜமான் என்று நான் எங்கே சொன்னேன்? இப்படித் திரண்ட பொட்டுகளைக் கரைக்கும் ஹெக்சேன்டையால் என்ற ரசாயனத்தை ஊற்றிக் கரைத்துப் பார் என்பவர்கள், அது செல்லில் வேறு எதையெல்லாம் கெடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

உண்மையில் என்னை மடக்க வேண்டிய கேள்வி வேறு. ஸ்பெக்கிளுக்குச் சாயமேற்ற நான் பயன்படுத்திய ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் மூலக்கூறு) எஸ்சி35 என்ற ஸ்பெக்கிள் புரதத்தைப் பிடிக்கும் என்று பல வருஷமாக எல்லோரும் நம்பினோம். அது முக்கியமாகப் பிடிப்பது எஸ்ஆர்ஆர்எம்2 என்ற வேறு புரதத்தை என்று 2020இல்தான் வெளிவந்தது. அதுவும் ஸ்பெக்கிள் புரதமே, பொட்டு மாறவில்லை. ஆனால் பைண்டிங் ஆகி அலமாரியில் உட்கார்ந்திருக்கும் என் தீசிஸில் அந்தப் பழைய பெயர் எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.