பீரை எவ்வளவு குளிரில் குடிப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பீர் வாங்குவது பற்றி அண்மையில் வந்த கடிதங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எவ்வளவு குளிர் சரியான குளிர்? கடையில் வகை பார்த்து, விலை பார்த்து, பெயர் பார்த்து வாங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே ஃப்ரிட்ஜில் ஒரே தட்டில் அடுக்கி, ஒரே குளிரில் குடித்துவிடுகிறோம். கொடுத்த காசில் பாதி அங்கேயே வீணாகிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால் இந்த முறை இந்த ஒரு விஷயத்துக்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வேலைக்காக இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அலுவலக நண்பர்களுடன் பப்புக்குச் சென்றபோது, கைப்பிடியை இழுத்து இறைக்கும் குழாயிலிருந்து ஒரு பைன்ட் பிட்டர் ஊற்றிக் கொடுத்தார்கள். குளிர்ச்சி இல்லை, பொங்கும் நுரையும் இல்லை. மீந்துபோன பழைய பீரை என் தலையில் கட்டிவிட்டார்களா? திருப்பிக் கொடுத்திருக்கலாமா?

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் குடித்த பிட்டர், பீப்பாய் ஏல் என்ற ஆங்கிலேய வகைப் பீர். அது வடிகட்டப்படாமல், பாஸ்டர் முறையில் சூடாக்கப்படாமல், ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் நிரப்பப்பட்டு, பப்பின் நிலவறையில் கடைசிக் கட்டமாகப் புளித்து முடிவது. அந்த நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் ஊறிப்போன கணக்கு. பீரும் அதே வெப்பத்தில்தான் உங்கள் கைக்கு வர வேண்டும். நம் ஊரில் 4 டிகிரியில் குடித்துப் பழகிய நாக்குக்கு 12 டிகிரி வெதுவெதுப்பாகத் தெரிவது இயல்பே; ஆனால் சென்னையில் மண்பானைத் தண்ணீரே 20 டிகிரிக்கு மேல் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், 12 டிகிரியைச் சூடு என்று சொல்ல முடியாது என்பது விளங்கும்.

நுரை குறைவாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. கரியமில வாயு குளிர்ந்த திரவத்தில் அதிகமாகக் கரையும், வெப்பம் ஏற ஏற வெளியேறும். நம் கடைகளில் அதிகம் காணப்படும் லாகர் வகைப் பீர் பாட்டிலில் வரும்போது, ஒரு லிட்டரில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வாயு அடைக்கப்பட்டிருக்கும். பீப்பாய் ஏலில் அது ஒரு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிக வாயு உள்ள லாகரை 12 டிகிரியில் ஊற்றினால் முழுவதும் நுரையாகப் பொங்கி வழியும். குறைந்த வாயு உள்ள ஏலை 3 டிகிரியில் ஊற்றினால், உப்புச்சப்பில்லாத கசப்புத் தண்ணீராகத் தெரியும்.

சுவை விஷயத்தில் குளிர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, மணம் தரும் பொருள்கள் ஆவியாகி மூக்குக்கு வருவதைக் குறைக்கிறது. இரண்டாவது, நாக்கையே மந்தமாக்குகிறது. இனிப்புச் சுவையைக் கடத்துவதில் பங்குள்ள டிஆர்பிஎம்5 என்ற புரதம், 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை வெப்பம் கூடக் கூடப் பல மடங்கு தீவிரமாகச் செயல்படுகிறது என்று பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும், உறைந்த ஐஸ்கிரீம் அளவான இனிப்பாகத் தெரிவதும் இதனால்தான். மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், மெல்லிய இனிப்பை நம்பி நிற்கும் ஆங்கிலேய பிட்டரைக் கடுங்குளிரில் குடித்தால் அந்த இனிப்பு மறைந்துவிடும்.

திருப்பிக் கொடுக்கத் தகுந்த சமயங்களும் உண்டு. காடி வாடை அடித்தால், ஈரத் துணி வாடை வந்தால், உண்மையிலேயே அறைச் சூட்டில் இருந்தால், தயங்காமல் கவுண்டரில் சொல்லுங்கள். நல்ல பப்பில் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுப்பார்கள். பீப்பாய் ஏலைக் காப்பாற்றுவதற்காக 1971-இல் ஓர் இயக்கமே தொடங்கி இன்றுவரை நடக்கிற நாடு அது. பீரின் தரத்தைக் கேட்பவரை அங்கே யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை.

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன். லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர்ப் போத்தல்களைக் கடையிலிருந்து உறையும் குளிரில் வாங்கி வந்து அப்படியே குடிப்பது என் வழக்கம். ஸ்டவுட்டைக் குளிரூட்டவே கூடாது, வெளியில் வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று மாமா சொல்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. மாமா சொல்வது குளிர்ந்த ஊர்களில் பிறந்த அறிவுரை. இந்தக் காய்ச்சுசாலையின் வரலாறே 19-ஆம் நூற்றாண்டில் குளிர்ந்த மலைநகரான நுவரெலியாவில் தொடங்கியது. அங்கே மாலை நேரத்தில் மேசை மேல் இருக்கும் போத்தல் தானாகவே சரியான வெப்பத்தில் இருக்கும். கொழும்பின் 30 டிகிரியில் அதே போத்தலை மேசையில் வைத்தால், திறந்தவுடன் பொங்கும். முதல் வாயிலேயே சாராய நெடி தொண்டையைப் பிடிக்கும். லயன் ஸ்டவுட்டில் 8.8 சதவீத மதுசாரம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அதற்காக 3 டிகிரியில் குடிப்பதும் அந்தப் பீருக்குச் செய்யும் அநியாயம். கறுக்க வறுத்த மால்ட்டிலிருந்து வரும் காப்பி மணமும், கறுப்புச் சாக்லேட்டும், பனங்கருப்பட்டியை நினைவூட்டும் அடர்ந்த இனிப்பும்தான் அதன் செல்வம். கடுங்குளிரில் இவை எல்லாம் அடங்கிப்போய், வறுவலின் கரிக் கசப்பும் நாக்கைக் குத்தும் வாயுவும் மட்டும் மிஞ்சுகின்றன. 10 முதல் 13 டிகிரி வரைதான் அதற்கு ஏற்ற இடம்.

நான் செய்வது இது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைத் திறக்காமல் மேசை மேல் வைத்துவிடுவேன். சிறிய பாட்டிலென்றால் பதினைந்து, இருபது நிமிடம், பெரியதென்றால் அரை மணி நேரம். முதலில் கண்ணாடி முழுவதும் வெண்பனி மூட்டம் போலப் படியும். பிறகு அது முத்து முத்தாகத் திரண்டு, கோடு கோடாக வழிந்து, அடியில் ஒரு வளையமாகத் தேங்கும். அந்த வளையம் நன்றாகத் திரண்ட பிறகு திறந்தால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஊற்றி முகர்ந்து பார்த்து, மணம் இன்னும் வரவில்லை என்றால் குவளையை இரண்டு உள்ளங்கைகளாலும் சில நிமிடம் பொத்திப் பிடியுங்கள்.

கேள்வி: பெங்களூரில் இருக்கிறேன். கோதுமை பீர், ஐ.பி.ஏ., பெல்ஜிய பீர் என்று பலவகை வாங்கி வைக்கிறேன். இவற்றுக்காக வெப்பத்தை மாற்றி வைக்கக்கூடிய தனி பீர் ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கலாமா? எதை எத்தனை டிகிரியில் குடிக்க வேண்டும்?

வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். வீட்டு ஃப்ரிட்ஜ் 3 முதல் 5 டிகிரி வரை இருக்கும். பீரை வைத்துப் பாதுகாக்க அதைவிட நல்ல இடம் இல்லை. குடிக்கும் வெப்பத்துக்கு ஃப்ரிட்ஜை மாற்ற வேண்டியதில்லை, வெளியே எடுக்கும் நேரத்தை மாற்றினால் போதும். அந்தப் பணத்தில் சில நூறு ரூபாயை மட்டும் எடுத்து, சமையலறையில் பயன்படுத்தும் ஊசி வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த வெப்பமானியை வாங்கிய நாளில் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. 4 டிகிரியில் இருந்த சிறிய பாட்டில் லாகரை, அலமாரியிலிருந்து எடுத்த கனமான கைப்பிடிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஊசியை வைத்தேன். ஊற்றி முடித்த சற்று நேரத்திலேயே எண் 7-ஐத் தாண்டியிருந்தது. அறை வெப்பத்தில் இருந்த கண்ணாடி அத்தனை குளிரையும் உறிஞ்சிக்கொண்டது. அதே குவளையைக் குளிர்ந்த நீரில் நன்றாக அலசிவிட்டு ஊற்றியபோது அந்த ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. எந்த டிகிரி என்று பேசும்போது பாட்டிலின் டிகிரியையா, குவளையின் டிகிரியையா பேசுகிறோம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்; கீழே நான் சொல்வது குவளையின் டிகிரி.

நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இலேசான லாகரும், 8 சதவீதம் வரை மதுசாரம் உள்ள ஸ்ட்ராங் பீரும் 4 முதல் 6 டிகிரியில் நன்றாக இருக்கும். இவற்றில் முகர்ந்து ரசிக்க அதிகம் இல்லை. புத்துணர்ச்சிதான் நோக்கம், ஆகவே குளிர் இங்கே நண்பன். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: குளிர், ஸ்ட்ராங் பீரின் மதுசாரக் காரத்தை மறைத்துவிடுவதால் அளவு தெரியாமல் உள்ளே இறங்கும்.

பில்ஸ்னரை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். 1842-இல் பில்சென் நகரில் யோசப் குரோல் காய்ச்சிய முதல் பொன்னிற லாகரின் வழி வந்த செக் பீர்களை அந்த ஊர்க்காரர்கள் 7 டிகிரியை ஒட்டித்தான் குடிக்கிறார்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் மூலிகை மணமும் மால்ட்டின் ரொட்டி மணமும் அந்த வெப்பத்தில்தான் சேர்ந்து வரும். ஜெர்மானிய வகைக் கோதுமை பீரும் 6 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் ஈஸ்டிலிருந்து வரும் வாழைப்பழ, கிராம்பு வாசனைகள் மேலெழும். 3 டிகிரியில் குடிப்பவருக்குக் கோதுமை பீருக்கும் சாதாரண லாகருக்கும் வேறுபாடு தெரியாது, ஆனால் விலையில் வேறுபாடு இருக்கும்.

ஹாப்ஸ் தூக்கலான ஏல் வகையான ஐ.பி.ஏ. 7 முதல் 10 டிகிரி. பெல்ஜியத் துறவி மடங்களின் அடர்நிற பீர்கள் 10 முதல் 12 டிகிரி வரை போகலாம். அவற்றில் ஒன்றான சிமே நீல நிறச் சீட்டுப் பீருக்கு அதைக் காய்ச்சுபவர்களே இந்த அளவைத்தான் பரிந்துரைக்கிறார்கள். பொதுவாக, மதுசாரமும் நிறமும் ஏற ஏற டிகிரியும் ஏறும். விதிவிலக்குகள் இருந்தாலும், கடையில் தெரியாத பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது இந்தக் கணக்கு பெரும்பாலும் கைகொடுக்கும்.

சந்தேகமாக இருந்தால் சற்றுக் குளிராகவே ஊற்றுங்கள். குளிர்ந்த பீர் குவளையில் தானாகச் சூடேறி, எந்த இடத்தில் அதன் மணம் மலர்கிறது என்பதை உங்களுக்கே காட்டிவிடும். சூடான பீரைக் குவளையில் வைத்துக் குளிரவைக்க வழியில்லை.

கேள்வி: சிங்கப்பூர் காப்பிக் கடைகளில் பீர்க் குவளையில் பனிக்கட்டி போட்டுத் தருகிறார்கள். தவறில்லையா?

1932 முதல் அந்த ஊரில் காய்ச்சப்பட்ட டைகர் போன்ற லாகருக்கு, அந்தப் புழுக்கத்தில், அது பெரிய குற்றமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 5 சதவீத பீர் 300 மில்லிலிட்டரில் 100 கிராம் பனிக்கட்டி உருகினால், நீங்கள் கடைசியில் குடிப்பது 3.75 சதவீத பீர். சுவையும் அதே அளவுக்கு நீர்த்துவிடும். பனிக்கட்டி நிரம்பிய வாளியில் பாட்டிலை வைத்துக்கொண்டு, சிறிய குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடிப்பது மேல். ஃப்ரீசரில் வைத்து உறைபனி பூத்த குவளையும் இதே ரகம்தான். அந்தப் பனி உருகிப் பீரில் கலப்பதோடு, ஃப்ரீசரில் இருக்கும் மீன் வாடையையும் சேர்த்துக் கொண்டுவரும்.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கடையில், குளிர்ந்த பீர் வேண்டுமென்றால் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல், இல்லையென்றால் வெளியே அடுக்கியிருப்பதை எடுத்துக்கொள் என்கிறார்கள். இது முறையா? குளிராத பாட்டிலை வாங்கி வீட்டில் குளிரவைத்தால் சுவை கெடுமா?

முறையில்லை. பாட்டிலில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் சில்லறை வியாபாரி வாங்கக் கூடாது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. குளிரூட்டும் செலவு என்று தனியாக ஒரு வரி அந்த விலைக்கு மேல் ஏற இடமில்லை. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்களின் நிலை வேறு. அவர்கள் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. கடையில் ரசீது கேளுங்கள், பாட்டிலில் உள்ள விலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். பத்து ரூபாய்தானே என்று விடுவதால்தான் அது வழக்கமாகிவிடுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒருமுறை குளிர்ந்து, சூடாகி, மறுபடி குளிர்ந்ததால் மட்டும் பீர் கெட்டுவிடுவதில்லை. இது பலரும் நம்பும் தவறான கருத்து. கெடுப்பவை வேறு இரண்டு. ஒன்று ஒளி: வெயிலோ குழல்விளக்கோ பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் சிதைந்து அழுகல் நாற்றம் பிறக்கும். பழுப்புப் பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. மற்றொன்று நீடித்த சூடு. பீர் தொழிலில் 3, 30, 300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், இந்த மூன்றும் பீரை ஏறக்குறைய ஒரே அளவுக்கு முதுமையாக்கும் என்பது அதன் பொருள். முதுமையடைந்த பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். அதை எந்தக் குளிராலும் மாற்ற முடியாது, மறைக்கத்தான் முடியும்.

ஆகவே வெளியே அடுக்கியிருப்பதை வாங்குவதானால், தயாரித்த தேதி அண்மையில் உள்ள, பழுப்புப் பாட்டிலிலோ கேனிலோ உள்ளதாக, வெயில் படாத உள்தட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவசரமென்றால் ஃப்ரீசரை நாடாதீர்கள். சாதாரண பீர் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே உறையத் தொடங்கும், மறந்துபோனால் பாட்டில் வெடிக்கும். ஒரு வாளியில் பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர், ஒரு கை கல்லுப்பு போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தி அவ்வப்போது திருப்பிவிடுங்கள். சிறிய பாட்டிலோ கேனோ கால் மணி நேரத்தில் தயாராகிவிடும். 650 மில்லிலிட்டர் பாட்டிலுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.